பி40 (வருமானத்தில் கீழ் 40 விழுக்காடு) குடும்பத்துப் பிள்ளை பொதுப் பல்கலைக்கழகம் போவது எப்படி: பினாங்கு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1968 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பித்தால், சேர்க்கையில் சலுகை, பண உதவி, முதல் பருவம் தொடங்கும் முன்பே கோடை விடுமுறையில் ஆயத்த வகுப்பு, பிறகு நான்கு வருடமும் கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆலோசகர் என்று எல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ் வரும். நியூயார்க்கிலும் அதே காலத்தில் இதுபோல ஒன்று தொடங்கியது. மலேசியாவில் ஒரே கூரையின் கீழ் இப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. ஆனால் அதன் துண்டுகள் எல்லாம் இங்கேயும் இருக்கின்றன. பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு யுபியு, அரசுக் கல்விக் கடனுக்கு பிடிபிடிஎன், உதவித்தொகைக்கு அறவாரியங்கள், இந்தியர்களுக்கு மித்ரா எனும் அரசுப் பிரிவு, பினாங்குக்காரர்களுக்கு இந்து அறப்பணி வாரியம் என்று ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு தேதியில், ஆளுக்கொரு படிவத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை ஓடி ஓடிச் சேர்ப்பது நம் வேலையாகிவிடுகிறது.

பிறை, பட்டர்வொர்த், நிபோங் தெபால் பக்கம் படிவம் நிரப்ப உதவி கேட்டு வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். மதிப்பெண் இல்லாததால் வாய்ப்பை இழக்கிற பிள்ளைகளும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் இருந்தும் ஒரு தேதியைத் தவறவிட்டு, ஒரு தாள் இல்லாமல், அல்லது இடம் கிடைத்த பிறகு முதல் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் காசு இல்லாமல் நின்றுபோகிற பிள்ளைகள்தான் என் கண்ணில் அதிகம் படுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த மூன்றுக்கும்தான் இடம் அதிகம்.

1. எஸ்பிஎம்முக்குப் பிறகு எந்தப் பாதை

பொதுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) மட்டும் போதாது. இடையில் ஒரு படி வேண்டும். ஆறாம் படிவம் போய் எஸ்டிபிஎம் எழுதலாம், மெட்ரிகுலேசன் எனும் அரசின் பல்கலைக்கழக முன்நிலைக் கல்லூரிக்குப் போகலாம், பல்கலைக்கழகங்களே நடத்தும் அடிப்படைக் கல்வி போகலாம், அல்லது பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு மேலே ஏறலாம்.

மெட்ரிகுலேசன் பெரும்பாலும் ஒரு வருடம், தங்கும் விடுதி, கட்டணம் மிகக் குறைவு, மாணவர்களுக்கு அலவன்ஸும் உண்டு. பினாங்கில் அதற்கான கல்லூரி கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது, ஆனால் அங்கேதான் போடுவார்கள் என்று எண்ணாதீர்கள், பேராக்கோ கெடாவோ ஜொகூரோ எங்கே வேண்டுமானாலும் இடம் வரலாம். இதில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதவர்களுக்கு 10 விழுக்காடு என்ற ஒதுக்கீடு பல காலமாக இருந்து வருகிறது. 10 ஏ எடுத்தவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது நல்ல செய்தி. ஆனால் ஐந்து ஏ, ஆறு ஏ வாங்கிய பிள்ளைக்குப் போட்டி இன்னும் கடுமைதான். ஆகவே விண்ணப்பியுங்கள், ஆனால் அதையே நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

எஸ்டிபிஎம்மைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு பயம் ஊறிப் போயிருக்கிறது, "ரொம்ப கஷ்டம், போகாதே" என்று சொல்லாத மாமா கிடையாது. கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். மூன்று பருவம், ஒன்றரை வருடம், பக்கத்து இடைநிலைப்பள்ளியிலேயே படிக்கலாம், வீட்டுச் சாப்பாடு, கிட்டத்தட்ட செலவே இல்லை. ஒரு பருவத்தில் சறுக்கினால் அந்தத் தாளைத் திரும்ப எழுதவும் வழி உண்டு. பணம் இல்லாத வீட்டுக்கு இதைவிட மலிவான பாதை ஒன்றுமே இல்லை என்பது என் எண்ணம். தமிழ்மொழியையும் ஒரு பாடமாக எடுக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்திலேயே தனியார் கல்லூரி ஏஜென்டுகள் வீட்டுக்குப் போன் அடிப்பார்கள். "உடனே சேரலாம், பிடிபிடிஎன் எல்லாம் நாங்களே எடுத்துக் கொடுப்போம், லேப்டாப் இலவசம்." எல்லாத் தனியார் கல்லூரியும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் பிடிபிடிஎன் கடன் தனியார் கட்டணம் முழுவதையும் மூடாத இடங்கள் நிறைய, மீதியை அப்பா கட்ட வேண்டும், நடுவில் நின்றால் பட்டமும் இல்லை, கடன் மட்டும் மிஞ்சும். கையெழுத்துப் போடும் முன் மொத்தக் கட்டணம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

2. எஸ்பிஎம்மில் கோட்டை விடக்கூடாத இரண்டு

மலாய்மொழியில் கிரெடிட் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்), வரலாற்றில் தேர்ச்சி. இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், மற்ற பாடத்தில் எத்தனை ஏ வைத்திருந்தாலும் பட்டப்படிப்புக்குப் பொதுப் பல்கலைக்கழகக் கதவு திறக்காது. ஏற்கெனவே கோட்டை விட்டவர்கள் அந்தத் தாளை மறுபடி எழுதிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. எஸ்டிபிஎம் பக்கம் வந்தால் குறைந்தது 2.00 சிஜிபிஏ (மொத்தச் சராசரிப் புள்ளி) வேண்டும், அதோடு மூவெட் ஆங்கிலத் தேர்வும் வேண்டும். துறையைப் பொறுத்து கேட்கும் மூவெட் பேண்ட் (தர நிலை) மாறும், அதனால் கடைசி நேரத்துக்கு விடாமல் முன்னதாகவே எழுதிப் பாருங்கள். குறைவாக வந்தால் இன்னொரு முறை எழுத நேரம் இருக்கும்.

3. வருமானத்தைக் காட்டும் கோப்பு

எல்லா உதவிக்கும் அடிப்படை ஒன்றுதான்: உங்கள் குடும்பம் உண்மையிலேயே பி40 என்று தாளில் காட்ட வேண்டும். நாட்டின் குடும்பங்களை வருமானப்படி அடுக்கினால் கீழே உள்ள 40 விழுக்காடு அது. 2022ஆம் ஆண்டுக் கணக்கில், மாதம் 5,250 வெள்ளிக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பங்கள் அதில் வந்தன. அது வீட்டில் சம்பாதிக்கும் எல்லாரையும் சேர்த்த கணக்கு. ஆனால் கல்வி உதவிப் படிவங்கள் பெரும்பாலும் அப்பா அம்மா வருமானத்தை மட்டும்தான் கேட்கும். அண்ணன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறார் என்பதற்காக அவர் சம்பளத்தையும் நீங்களாகவே சேர்த்து எழுதி எல்லையைத் தாண்டிவிடாதீர்கள். படிவம் கேட்பதை மட்டும் எழுதுங்கள். அதேபோல் கேட்டால் மறைக்கவும் வேண்டாம், பின்னால் சரிபார்ப்பார்கள்.

வீட்டில் எஸ்டிஆர் எனும் ரஹ்மா ரொக்க உதவித்தொகை வருகிறதா என்று முதலில் பாருங்கள். வருகிறது என்றால் பாதி வேலை முடிந்தது, பிடிபிடிஎன் உட்பட பல இடங்களில் அந்தப் பதிவைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். தகுதி இருந்தும் "அது என்ன நூறு இருநூறு வெள்ளிக்கு வரிசையில் நிற்பது" என்று பதியாமல் விட்ட அப்பாக்கள் இருக்கிறார்கள். அந்தத் தொகைக்காக இல்லாவிட்டாலும் பிள்ளையின் படிப்புக்காகப் பதியச் சொல்லுங்கள். மிகவும் சிரமமான குடும்பம் என்றால் ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசே எனும் அரசுப் பதிவேட்டிலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சமூகநலத் துறையின் உதவி பெறுபவர்கள் அந்தக் கடிதத்தையும் எடுத்து வையுங்கள்.

சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்குச் சிக்கல் இல்லை, கடைசி மூன்று மாதச் சீட்டை எடுத்து வைத்தால் போதும். சிக்கல் யாருக்கு என்றால், லாரி ஓட்டும் அப்பா, தினக்கூலி, பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் பலகாரம் விற்கும் அம்மா, கிராப் ஓட்டுபவர், கோயிலில் மாலை கட்டுபவர். இவர்கள் கையில் ஒரு தாளும் இருக்காது. இவர்களுக்கு வருமான உறுதிக் கடிதம் வேண்டும். அதைக் கிராமத் தலைவரோ பெங்ஹுலுவோ (வட்டாரத் தலைவர்) பள்ளி முதல்வரோ, படிவத்தில் குறிப்பிட்டிருக்கும் தரத்தில் உள்ள அரசு அதிகாரியோ உறுதி செய்யலாம். சில இடங்களில் சத்தியப் பிரமாண ஆணையர் முன் எடுக்கும் சத்தியக் கடிதம் கேட்பார்கள், அதற்குச் சில வெள்ளிதான் ஆகும். யார் கையெழுத்து செல்லும் என்பது ஒவ்வொரு படிவத்திலும் வேறுபடும், கீழே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைப் படிக்காமல் யாரிடமாவது கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் பலர்.

அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டார், அம்மா தனியாக வளர்க்கிறார் என்ற நிலையும் உண்டு. விவாகரத்துப் பத்திரம் இருந்தால் அது, இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், எதுவும் இல்லையென்றால் நிலைமையைச் சொல்லும் சத்தியக் கடிதம். "அப்பா பற்றி என்ன எழுதுவது" என்று அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டால் படிவமே குறையுள்ளது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கோப்பில் வேறு என்ன வேண்டும்: எல்லாருடைய அடையாள அட்டை நகல், உங்கள் பிறப்புப் பத்திரம், கூடப் பிறந்தவர்களில் படிப்பவர்களின் பிறப்புப் பத்திரம், எஸ்பிஎம் சான்றிதழ், பள்ளி நற்சான்றிதழ், புறப்பாடச் சான்றிதழ்கள், ஒரு மின்சாரக் கட்டண ரசீது. பதினெட்டு வயதானவுடன் மைகாட்டை (அடையாள அட்டையை) புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நகல்களில் உண்மை நகல் என்று முத்திரை வேண்டியிருந்தால் பள்ளியிலேயே ஒரே நாளில் பத்துப் பதினைந்து செட் போட்டு வாங்கிவிடுங்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து மட்டும் வைக்காமல், தெளிவாக ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். போன் உடைந்தால் கோப்பும் போய்விடக்கூடாது.

இன்னொன்று. நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரமே இல்லாத, அல்லது குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். இது பல்கலைக்கழகம் போகும் வயதில் தீர்க்கிற காரியம் இல்லை, வருடக்கணக்கில் இழுக்கும். வீட்டில் தம்பி தங்கைக்கு அந்தப் பிரச்சினை இருந்தால் இன்றே தேசியப் பதிவுத் துறைக்குப் போகச் சொல்லுங்கள்.

4. யுபியு படிவம்

பொதுப் பல்கலைக்கழகங்கள் மொத்தம் 20. பினாங்கில் இருப்பது யுஎஸ்எம் எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், 1969இல் தொடங்கியது. குளுகோரில் முதன்மை வளாகம், நிபோங் தெபாலில் பொறியியல் வளாகம், மருத்துவ வளாகம் மட்டும் கிளந்தான் குபாங் கெரியானில். அந்த 20 பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான விண்ணப்பம்தான் யுபியு ஆன்லைன்.

தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் முடிவு வரும் முன்பே பதிவு திறந்துவிடும், முடிவு வந்த பிறகு தேர்வுகளை மாற்றிக்கொள்ள ஒரு காலம் தருவார்கள். அந்த இரண்டாவது காலம் மிகக் குறுகியது. ஒவ்வோர் ஆண்டும் தேதி மாறுவதால் போன வருடம் அக்கா சொன்ன மாதத்தை நம்பாமல் அதிகாரப்பூர்வத் தளத்தையே பாருங்கள்.

தகுதி மதிப்பெண் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தை நம் பிள்ளைகள் அலட்சியமாக விடுவதைப் பார்க்க வயிறு எரியும். சீருடை இயக்கத்தில் இருந்தாயா என்று கேட்டால் "இருந்தேன் அண்ணா, சான்றிதழ் வாங்கவில்லை" என்பார்கள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் இடம் மாறும் துறைகளில் அந்தச் சான்றிதழ்தான் உங்களை உள்ளே தள்ளும். பள்ளியில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், ஆசிரியர் மாறிப் போனபின் தேடுவது சிரமம்.

படிவத்தில் 12 துறைகளைத் தேர்வு செய்யலாம். இதை நிரப்புவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. யுபியு வழிகாட்டியில் ஒவ்வொரு துறைக்கும் போன ஆண்டின் சராசரித் தகுதி மதிப்பெண்ணைப் போட்டிருப்பார்கள். உங்கள் மதிப்பெண்ணைவிடச் சற்று மேலே உள்ளவை மூன்று நான்கு, உங்கள் அளவில் உள்ளவை ஐந்தாறு, நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுபவை மீதி. இந்த வரிசையில் போடுங்கள். மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல், சட்டம் என்று பன்னிரண்டையும் ஆசைக்கே போட்டுவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை, நமக்கு எப்போதும் இப்படித்தான் என்று உட்காருவதில் பயனில்லை. ஒதுக்கீட்டில் நியாயம் இல்லை என்ற கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அந்தக் கோபத்தைப் படிவத்தில் காட்டினால் நஷ்டம் நமக்குத்தான். கடைசியாகப் போடும் துறையும் மூன்று நான்கு வருடம் நீங்கள் படிக்க மனமுள்ள துறையாக இருக்கட்டும்.

நேர்முகத் தேர்வு கேட்கும் துறைகள் தனி. ஆசிரியர் கல்வி, மருத்துவம் போன்றவை அப்படி. போகாவிட்டால் அந்தத் தேர்வே வீண். பெரும்பாலும் மலாயில்தான் கேட்பார்கள், கொஞ்சம் ஆங்கிலம் வரும். தமிழ்ப்பள்ளியில் படித்துத் தமிழ் நண்பர்களோடே வளர்ந்த பிள்ளை, மலாய் எழுத்தில் ஏ வாங்கியிருந்தாலும் பேச வரும்போது தடுமாறும். பக்கத்து வீட்டு மக்சிக்குடனோ (மலாய் அத்தை) பழைய ஆசிரியருடனோ இரண்டு வாரம் தினமும் பேசிப் பாருங்கள், போதும்.

அப்புறம் பி40க்கான சிறப்பு வழி. உயர்கல்வி அமைச்சு பி40 குடும்பத்தார், மாற்றுத்திறனாளிகள், பூர்வகுடியினர், விளையாட்டாளர்கள் ஆகியோருக்குச் சேர்க்கையில் தனிக் கவனம் தருகிறது. குறைந்தபட்சத் தகுதி இல்லாதவரை அது உள்ளே எடுக்காது, ஆனால் தகுதி இருந்து போட்டியில் சற்றுப் பின்தங்குபவருக்கு உதவக்கூடும். அதற்கு யுபியு படிவத்தில் குடும்ப வருமானப் பகுதியைச் சரியாக நிரப்பியிருக்க வேண்டும். வெட்கப்பட்டு வருமானத்தைக் கூட்டி எழுதும் பிள்ளைகள் உண்டு, நம்பமாட்டீர்கள், உண்டு. கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

சில பல்கலைக்கழகங்கள் யுபியு அல்லாமல் நேரடியாகவும் மாணவர்களை எடுக்கின்றன. அந்த வழியில் அரசு மானியம் கிடையாது, கட்டணம் பல மடங்கு. கடிதம் வந்தால் பெயரைப் பார்த்து மயங்காமல், யுபியு வழி வந்ததா நேரடி வழி வந்ததா என்று முதலில் பாருங்கள்.

5. இடம் கிடைத்த பிறகு வரும் அந்த இரண்டு மாதம்

முடிவு வந்ததும் கொடுத்த தேதிக்குள் ஏற்கிறேன் என்று அழுத்த வேண்டும். கோயிலில் அர்ச்சனை நாளைக்குச் செய்துகொள்ளலாம், முதலில் அழுத்துங்கள்.

பொதுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. ஆகவே கட்டணம் மலைபோல் இருக்காது. ஆனால் முதல் நாள் செலவு ஒன்றாக வந்து நிற்கும்: பதிவுக் கட்டணம், விடுதி, அறிமுக வாரம், மருத்துவப் பரிசோதனை, பேருந்து, மெத்தை விரிப்பு, வாளி, காலணி, லேப்டாப். மருத்துவப் பரிசோதனையைத் தனியார் கிளினிக்கில் செய்யாமல் அரசு சுகாதார கிளினிக்கில் செய்தால் செலவு நன்றாகக் குறையும், ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் வருவார்கள் என்பதால் கடிதம் வந்த மறுநாளே போய்விடுங்கள்.

பிடிபிடிஎன் பணம் பதிவு நாளில் கையில் இருக்காது. பதிந்து, விண்ணப்பித்து, ஒப்புதல் வந்து, ஒப்பந்தத் தாள் போய், பிறகுதான் வரும். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக அனுப்பிவிட்டு மீதியை உங்கள் வங்கிக் கணக்கில் போடுவார்கள். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதங்கள். அந்த இடைவெளியில்தான் பிள்ளை அறையில் மெகி தின்றுகொண்டு "அப்பா, திரும்பி வந்துவிடட்டுமா" என்று போன் செய்கிறது. இந்த இடைவெளியை நிரப்பச் சில வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பிடிபிடிஎன்னின் முன்பணம், டபிள்யுபிபி என்பார்கள். பொதுக் கல்விக்கூடத்தில் இடம் கிடைத்த பி40 மாணவருக்கு 1,500 வெள்ளி முன்கூட்டியே தருகிற திட்டம். அது தானம் அல்ல, பின்னால் கடனில் கழித்துக்கொள்வார்கள். ஆனாலும் சரியான நேரத்தில் வரும் பணம். பதிவு நாளுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

இரண்டு, அப்பா அம்மாவின் இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. பிள்ளையின் உயர்கல்விக்காக எடுக்க அனுமதி உண்டு, 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்தபின் அது செஜாத்ரா கணக்கிலிருந்து வரும். இடம் கிடைத்த கடிதம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஓய்வுகாலப் பணம் என்பதால் தேவைக்கு மேல் எடுக்க வேண்டாம்.

மூன்று, பினாங்கு இந்து அறப்பணி வாரியம். உயர்கல்விக்குப் போகும் வசதி குறைந்த பினாங்கு இந்து மாணவர்களுக்கு ஆண்டுதோறும் கல்வி உதவி தருகிறார்கள். தொகை பெரிதாக இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முதல் மாதச் சாப்பாட்டுக்கு அது போதுமா போதாதா என்று யோசித்துவிட்டுப் பேசுங்கள். மாநில அரசும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்களும் பல்கலைக்கழகம் நுழைவோருக்கு உதவி செய்வதுண்டு, உங்கள் தொகுதி அலுவலகத்தில் இடக்கடிதத்தோடு நேரில் போய்க் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வராது, நேரில் போனால் யாராவது ஒரு படிவம் எடுத்துத் தருவார்கள்.

நான்கு, மித்ரா. இந்தியர் உருமாற்றப் பிரிவு, 2018 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. பொதுக் கல்விக்கூடங்களில் படிக்கும் பி40 இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கியிருக்கிறார்கள். திட்டங்கள் வருடத்துக்கு வருடம் மாறும், திறந்திருக்கும் நாட்களும் குறைவு. அதனால் அறிவிப்பு வந்தபின் தாள் தேடாமல், மேலே சொன்ன கோப்பைத் தயாராக வைத்திருங்கள்.

இதெல்லாம் சேர்ந்தும் போதவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்டவோ, பிடிபிடிஎன் வரும்வரை தள்ளிப்போடவோ அனுமதி கேட்கலாம். யாரும் தேடி வந்து சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் வழி தெரியும்.

6. கடனா, உபகாரச் சம்பளமா

உபகாரச் சம்பளத்தை (உதவித்தொகையை) முதலில் முயலுங்கள், கடனைப் பின்பக்கத் துணையாக வையுங்கள். துங்கு அப்துல் ரஹ்மான் அறவாரியம் 1966இல் தொடங்கியது. பொதுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேர்ந்திருக்கும் வசதி குறைந்த மாணவர்களுக்கென்றே அது உபகாரச் சம்பளம் தருகிறது. இனம் பார்ப்பதில்லை. இதைப் பற்றி நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. குவோக் அறவாரியம், மேபேங்க் அறவாரியம், சைம் டார்பி அறவாரியம், பெட்ரோனாஸ், பொதுச் சேவைத் துறை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் கட்டுரை எழுதச் சொல்வார்கள். அங்கே கஷ்டத்தை மட்டும் எழுதிக் கண்ணீர் வரவைக்கப் பார்க்காதீர்கள், விண்ணப்பிக்கும் எல்லாரும் கஷ்டப்படுபவர்கள்தான். அந்தக் கஷ்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, சனிக்கிழமை மார்க்கெட்டில் வேலை செய்தது, அதெல்லாம் எழுதத் தகுந்ததுதான். மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் கல்விக் கரமான எம்ஐஇடி 1984 முதல் இந்திய மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்து வருகிறது, அதையும் பாருங்கள், ஆனால் அதுவும் திரும்பக் கட்ட வேண்டிய பணம்தான்.

பிடிபிடிஎன் 1997இல் அமைந்தது. பி40க்கு முழுக் கடன், நடுத்தரத்துக்கு 75 விழுக்காடு, மேல்தட்டுக்கு 50 விழுக்காடு என்ற கணக்கு. ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். விண்ணப்பிக்கும் முன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும், இது தெரியாமல் கடைசி நாளில் அலைகிறவர்கள் ஏராளம். கொடுப்பார்கள் என்பதற்காக முழுத் தொகையையும் எடுக்க வேண்டியதில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் படித்து விடுதிச் செலவு இல்லை என்றால் குறைத்தே எடுக்கலாம். தேர்ச்சி 2.00க்குக் கீழே போனால் பணம் நிறுத்தப்படும். முதல் வகுப்பில் தேறினால் திரும்பக் கட்டுவதிலிருந்து விலக்குத் தரும் ஏற்பாடும் உண்டு, நிபந்தனைகள் பலமுறை மாறியிருப்பதால் ஒப்பந்தம் போடும்போதே உங்கள் ஆண்டுக்கான விதியைக் கேட்டு எழுதி வையுங்கள். உபகாரச் சம்பளம் பின்னால் கிடைத்துவிட்டால் பிடிபிடிஎன்னுக்கு உடனே தெரியப்படுத்துங்கள், இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தால் ஏதாவது ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

7. உள்ளே போனபின்

யுஎஸ்எம் போகிறவர்களுக்கு விடுதியின் பெயர் தேசாசிஸ்வா. முதலாண்டு இடம் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு விடுதியில் இருக்க வேண்டுமானால் நடவடிக்கைகளில் பங்கெடுத்திருக்க வேண்டும் என்பது பல வளாகங்களில் நடைமுறை. வெளியே அறை எடுத்தால் குளுகோர், சுங்கை டூவா பக்கம் வாடகை ஏறிக்கிடக்கிறது, ஆகவே முதல் பருவத்திலேயே ஏதாவது ஒரு சங்கத்தில் சேருங்கள். தமிழ் அல்லது இந்திய மாணவர் சங்கம் எல்லா வளாகத்திலும் உண்டு. பழைய தேர்வுத் தாள், பழைய புத்தகம், எந்த விரிவுரையாளரிடம் எப்படிக் கேட்பது, எந்தக் கடையில் பிரிண்ட் மலிவு, எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு, பல வளாகங்களில் மாணவர் உணவு வங்கி இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை. 3.50 வெள்ளி மாணவர் ரஹ்மா சாப்பாடு போடும் கேன்டீன்களும் உண்டு. சபா, சரவாக் போகிற பிள்ளைகளுக்கு விமானச் செலவுக்கு ஃபிளைசிஸ்வா சலுகை இருக்கிறது, டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்.

பாடத்தில் தடுமாறினால் முதல் தேர்விலேயே உங்கள் கல்வி ஆலோசகரைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விரிவுரையாளரை ஆலோசகராகப் போட்டிருப்பார்கள், பெயர்கூடத் தெரியாமல் பட்டம் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். இரவில் பகுதிநேர வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாரம் இரண்டு நாள் சரி. தினமும் என்றால் முதல் பருவத்திலேயே தேர்ச்சி சரிந்து, அதோடு பிடிபிடிஎன்னும் நின்று, வேலையில் வந்த பணத்தைவிட அதிகமாக இழப்பீர்கள். வீட்டில் அதை உட்கார்ந்து பேசுங்கள்.

8. இடம் கிடைக்காவிட்டால்

யுபியுவில் மேல்முறையீடு உண்டு, முடிவு வந்த சில நாட்களிலேயே திறந்து மூடிவிடும். அதில் காலி இடமுள்ள துறைகளின் பட்டியல் வரும், அதைப் பார்த்துப் போடுங்கள். மறுபடியும் மருத்துவத்தையே போட்டால் பதிலும் அதேதான்.

பொலிடெக்னிக் மலிவு. பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக், தீவில் பாலிக் பூலாவ் பொலிடெக்னிக். டிப்ளோமாவில் நல்ல சிஜிபிஏ எடுத்தால் பட்டப்படிப்புக்கு மீண்டும் யுபியு வழியே வரலாம், எஸ்டிபிஎம் தேவையில்லை. கைத்தொழிலில் ஆர்வம் என்றால் பாயான் லெப்பாஸில் 1989 முதல் நடக்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம், சமூகக் கல்லூரிகள், தொழில்பயிற்சிக் கழகங்கள். தொழிற்சாலைகள் பக்கத்திலேயே இருப்பதால் படிக்கும்போதே வேலை பேசி முடிகிற பிள்ளைகள் உண்டு.

இவற்றுக்கும் கோப்பு அதேதான், வருமானக் கடிதமும் அதேதான். ஆறு மாதத்துக்கு மேல் பழைய சம்பளச் சீட்டை மட்டும் மாற்றி வையுங்கள்.